கடனும் காப்பும்: கொடுப்பனவுக் காப்புறுதியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கடன்பட்டவன் இறந்தால் அவனது கடனை யார் தீர்ப்பது என்னும் வினா மிகப் பழையது. நோயினாலோ வேலையிழப்பினாலோ வருவாய் அற்றுப்போன ஒருவன் தவணைப் பணத்தை எவ்வாறு செலுத்துவான் என்பதும் அதனையொத்த மற்றொரு வினாவாகும். இவ்விரு வினாக்களுக்கும் இருபதாம் நூற்றாண்டின் மேலைநாட்டு நிதி நிறுவனங்கள் கண்ட விடையே கொடுப்பனவுக் காப்புறுதி ஆகும். கடன் பெறுபவன் தனது தவணையோடு ஒரு சிறு தொகையைக் கூடுதலாகச் செலுத்துவான். அவனுக்கு நோய், விபத்து, வேலையிழப்பு, மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேரின், காப்புறுதி நிறுவனம் அவனது கடன் தவணைகளைக் குறித்த காலம்வரை செலுத்தும். சொல்லளவில் இதனினும் நியாயமான ஏற்பாடு வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும், பிரித்தானியாவில் இக்காப்புறுதியை விற்ற வங்கிகளும் பிற நிறுவனங்களும், 2011 ஆம் ஆண்டுக்கும் 2019 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதனை வாங்கியோருக்கு 38 பில்லியன் பவுணுக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று.

நியாயமானதெனத் தோன்றிய ஓர் ஏற்பாடு எவ்வாறு இந்நிலையை எய்தியது? கடனட்டைக்கான விண்ணப்பப் படிவத்திலே இக்காப்புறுதி வேண்டுமா வேண்டாமா என்பதைக் குறிப்பதற்குச் சிறு கட்டம் ஒன்று இடம்பெற்றிருந்தது. அக்கட்டத்திலே அடையாளமிடுவதும் விடுவதும் தனிமனிதன் தன் விருப்பப்படி எடுக்கும் தீர்மானம் என்றே மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்குத் தோன்றும். ஆனால் அத்தீர்மானம் யாரால், எந்த வேளையில், எத்தகைய சூழலிற் கோரப்பட்டது என்பதை ஆராயுமிடத்து வேறொரு காட்சி புலனாகின்றது. அதனை அமெரிக்க, பிரித்தானிய அனுபவங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிணையாளியைக் காத்த காப்புறுதி

கடனோடு இணைந்த காப்புறுதியின் தோற்றத்தை ஆதர் மொறிஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞரின் முயற்சிகளோடு தொடர்புபடுத்துவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வர்த்தக வங்கிகள் கூலித் தொழிலாளருக்கும் சிறு ஊழியருக்கும் கடன் வழங்க முன்வரவில்லை. அவர்களிடம் ஈடாக வைப்பதற்குச் சொத்து இல்லை என்பதே காரணமாகும். ஆதலின் அவர்கள் கடும் வட்டி வாங்குவோரை நாடவேண்டியவராயினர். இந்நிலையில் மொறிஸ் 1910 ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கடன் பெறுவோனின் நன்னடத்தையும் உழைப்புத் திறனும், அவனுக்காகக் கையொப்பமிடும் இரு பிணையாளிகளின் உறுதியுமே அங்கு ஈடாகக் கொள்ளப்பட்டன. ‘மொறிஸ் திட்டம்’ எனப் பெயர் பெற்ற இம்முறை குறுகிய காலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிற்குப் பரவியது.

இம்முறையில் ஒரு குறைபாடு இருந்தது. கடன்பட்டவன் இடைநடுவில் இறந்துவிட்டால் அச்சுமை அவனது குடும்பத்தின் மீதும், நட்புரிமையினாற் கையொப்பமிட்ட பிணையாளிகள் மீதும் வீழ்ந்தது. இதற்குப் பரிகாரமாகவே 1917 ஆம் ஆண்டு மொறிஸ் திட்டக் காப்புறுதிச் சங்கம் அமைக்கப்பட்டது. கடன்பட்டவன் இறப்பின் எஞ்சிய கடனைக் காப்புறுதி தீர்த்துவிடும். அவனது கடன் அவனோடு முடிந்துவிடும். ஈண்டு ஒன்றினை மனங்கொள்ளல் வேண்டும். கடன்பட்டவனின் குடும்பத்தினரும், அவனை நம்பிக் கையொப்பமிட்ட அயலவருமே இக்காப்புறுதியினால் நேரடியாக நன்மை பெறத்தக்கவராயிருந்தனர். கடன் கொடுத்த நிறுவனமும் பயன் பெற்றது உண்மையே. எனினும் அப்பயன் ஏனையோர் பெற்ற பயனுக்கு முரணானதாக அன்று அமையவில்லை.

தலைகீழான போட்டி

காலப்போக்கில் இந்நிலை மாறியது. கடன் வழங்கும் நிறுவனங்கள் காப்புறுதி நிறுவனங்களின் முகவர்களாகி, விற்கும் ஒவ்வொரு காப்புறுதிக்கும் தரகுப் பணம் பெறலாயின. இதனால் விளைந்த மாற்றத்தினைப் பொருளியலாளர் ‘தலைகீழ்ப் போட்டி’ என்பர். சாதாரண சந்தையில் விற்போர் பலர் போட்டியிட்டால் பொருளின் விலை குறையும். கடன் காப்புறுதிச் சந்தையிலோ காப்புறுதி நிறுவனங்கள் கடனாளியின் ஆதரவைப் பெறுவதற்காகப் போட்டியிடவில்லை. கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஆதரவைப் பெறுவதற்காகவே போட்டியிட்டன. எந்நிறுவனம் கூடுதலான தரகு தருகின்றதோ அதன் காப்புறுதியே கடன் மேசையில் வைக்கப்பட்டது. கூடுதலான தரகினைக் கொடுப்பதற்குக் கூடுதலான கட்டுப்பணத்தைக் கடனாளியிடமிருந்து அறவிடுதல் வேண்டும். ஆகவே போட்டி மிகுந்தோறும் விலையும் மிகுந்தது.

1950 களின் நடுப்பகுதியில் அமெரிக்க செனற் சபையின் உபகுழுவொன்று, சிறு கடன்களோடு காப்புறுதியைப் பிணைத்து விற்கும் வழக்கத்தை விசாரணை செய்தது. அதனைத் தொடர்ந்து மாநிலங்கள் பல, கடன் காப்புறுதிக்கு அறவிடக்கூடிய கட்டுப்பணத்துக்கு உச்ச வரம்பு விதித்தன. சந்தைப் போட்டியினால் விலை கட்டுப்படும் என்னும் பொதுவான எதிர்பார்ப்பு இத்துறையிற் பொய்த்துவிட்டது என்பதை அரசுகள் அக்காலத்திலேயே உணர்ந்திருந்தன என்பதற்கு இது சான்றாகும்.

கடனட்டையின் வருகை

கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 1958 ஆம் ஆண்டு பாங்க் ஒவ் அமெரிக்கா தனது கடனட்டையை வெளியிட்டமை கடன் வரலாற்றிலே ஒரு திருப்புமுனையாகும். மொறிஸ் திட்டத்திற் கடனுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. கடனட்டைக் கடனோ சுழற்சியானது. ஒரு மாதம் கூடியும் மறுமாதம் குறைந்தும் முடிவின்றித் தொடர்வது. அதனோடு இணைந்த காப்புறுதியும் அத்தன்மையதாயிற்று. கட்டுப்பணம் ஒவ்வொரு மாதமும் நிலுவைத் தொகைக்கேற்பக் கணிக்கப்பட்டு அட்டைக் கணக்கிலேயே பற்று வைக்கப்பட்டது. நிலுவை தீர்க்கப்படாதவிடத்து அக்கட்டுப்பணத்துக்கும் வட்டி ஏறியது. கடனிலிருந்து காக்கும் பொருட்டுச் செலுத்திய பணமே கடனாக மாறிய விந்தை இங்கு நிகழ்ந்தது.

அமெரிக்காவில் மற்றொரு மாற்றமும் ஏற்பட்டது. மாநிலங்கள் காப்புறுதிக் கட்டுப்பணத்துக்கு வரம்பு விதித்திருந்தமையால், அட்டை வழங்கும் வங்கிகள் ‘கடன் நீக்க ஒப்பந்தம்’, ‘கடன் இடைநிறுத்த ஒப்பந்தம்’ என்னும் பெயர்களில் அதே பண்டத்தை வங்கிச் சேவையாக வழங்கத் தலைப்பட்டன. வெளியார் நிறுவனமொன்று பணம் செலுத்துவதற்குப் பதிலாக வங்கி தானே கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அல்லது தவணையைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கும். இது காப்புறுதியன்று, வங்கித் தொழிலின் ஒரு கூறே என்னும் கருத்து 1990 ஆம் ஆண்டு கூட்டரசின் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெயர் மாறியதும் மாநிலச் சட்டத்தின் பிடியும் தளர்ந்தது.

இதன் விளைவினை அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அமைப்பாகிய அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2011 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கை தெளிவாக எடுத்துரைக்கின்றது. ஒன்பது பெரிய அட்டை வழங்குநரின் வாடிக்கையாளர் 2009 ஆம் ஆண்டில் இவ்வொப்பந்தங்களுக்காக ஏறத்தாழ 2.4 பில்லியன் டொலர் செலுத்தியிருந்தனர். அவர்கள் செலுத்திய ஒவ்வொரு டொலருக்கும் 21 சதமே பயனாக அவர்களிடம் திரும்பி வந்தது. கட்டணம் மாதந்தோறும் ஒவ்வொரு 100 டொலர் நிலுவைக்கும் பெரும்பாலும் 85 சதம் முதல் 1.35 டொலர் வரையில் அமைந்திருந்தது. 100 டொலருக்கு ஒரு டொலர் என்று கொண்டாலும், 1,000 டொலர் நிலுவையுடைய ஒருவர் ஆண்டொன்றுக்கு 120 டொலர் செலுத்தியிருப்பார். வட்டி வேறு, இது வேறு என்பது கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கணக்கிற் பார்த்தால் 12 வீதமாகும் ஒரு செலவு, மாதக்கணக்கிற் சில்லறையாகத் தோன்றியமையே இதன் விற்பனைக்கு உறுதுணையாயிற்று.

எந்த வேளையில் இது விற்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2011 ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியபின், பகிரங்கமாக எடுத்த முதல் நடவடிக்கையே 2012 ஆம் ஆண்டு யூலை மாதம் கப்பிற்றல் வன் வங்கிமீது இவ்விடயம் பற்றி எடுக்கப்பட்டதாகும். புதிய அட்டையைச் செயற்படுத்துவதற்காகத் தொலைபேசியில் அழைத்த வாடிக்கையாளரிடமே, குறிப்பாகக் குறைந்த கடன் வரம்புடையோரிடமே, விற்பனை முகவர்கள் இதனைத் திணித்தனர் எனப் பணியகம் கண்டது. சிலருக்கு இது கட்டாயமானதென்றும், சிலருக்கு இலவசமானதென்றும் கூறப்பட்டது. தொழிலின்றி இருந்தமையாற் பயன்பெறும் தகுதியே அற்றவருக்கும் இது விற்கப்பட்டது. ஏறத்தாழ 20 இலட்சம் வாடிக்கையாளருக்கு 140 மில்லியன் டொலர் வரையிலான தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு வங்கி பணிக்கப்பட்டது.

பிரித்தானியாவின் அனுபவம்

பிரித்தானியாவில் இக்காப்புறுதி 1990 களில் பெருக்கமடைந்தது. ஈட்டுக்கடன், தனியாள் கடன், கடனட்டை ஆகிய அனைத்தோடும் அது இணைக்கப்பட்டது. கடன் சந்தையில் வட்டிப் போட்டி கடுமையாயிருந்த அக்காலத்தில், வங்கிகள் கவர்ச்சியான வட்டி வீதங்களை விளம்பரம் செய்து, அதனால் இழந்த இலாபத்தைக் காப்புறுதித் தரகினால் ஈடுசெய்தன. கடனின் விலை முன்வாசலிற் குறைக்கப்பட்டுப் பின்வாசலிற் கூட்டப்பட்டது எனலாம்.

விற்பனையில் நிகழ்ந்த முறைகேடுகள் பலவகைப்பட்டன. காப்புறுதி இருந்தாற் கடன் எளிதிற் கிடைக்கும் என்னும் எண்ணம் ஊட்டப்பட்டது. படிவத்தின் கட்டத்தில் முன்கூட்டியே அடையாளமிடப்பட்டிருந்தது. சிலர் தாம் அதனை வாங்கியிருப்பதையே அறியவில்லை. சுயதொழில் புரிவோர், ஓய்வு பெற்றோர், ஏற்கெனவே நோயுற்றிருந்தோர் முதலியோருக்கு ஒப்பந்தத்தின் விலக்கு வாசகங்கள் பயனை மறுத்தன. ஆயினும் அவர்களிடமும் கட்டுப்பணம் பெறப்பட்டது. தனியாள் கடன்களில் ‘ஒற்றைக் கட்டுப்பணம்’ என்னும் முறை வழக்கிலிருந்தது. அதன்படி காப்புறுதிக்குரிய முழுத் தொகையும் தொடக்கத்திலேயே கடனோடு சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி அறவிடப்பட்டது.

சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்னும் பொதுமக்கள் ஆலோசனை அமைப்பு, தன்னை நாடி வந்த கடனாளிகளின் அனுபவங்களைத் தொகுத்து 2005 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் நியாய வர்த்தக அலுவலகத்திடம் ஒரு சிறப்பு முறைப்பாட்டினைச் சமர்ப்பித்தது. இம்முறைப்பாடே பின்னர் நிகழ்ந்தவை அனைத்துக்கும் வழிகோலியது. 2007 ஆம் ஆண்டு இவ்விடயம் போட்டி ஆணைக்குழுவுக்கு ஆற்றுப்படுத்தப்பட்டது. ஆணைக்குழு 2009 ஆம் ஆண்டு சனவரி மாதம் வெளியிட்ட இறுதி அறிக்கை இவ்வரலாற்றில் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகும். கடன் வழங்கும் வேளையிலேயே காப்புறுதியையும் விற்கும் வாய்ப்பு, கடன் கொடுப்போருக்குப் பிறரால் எதிர்கொள்ள முடியாத அனுகூலத்தைத் தருகின்றது. கடன் பெற வந்தவர் அவ்வேளையில் வேறிடத்தில் விலை விசாரிப்பதில்லை என அது கண்டது. ஆகவே கடன் வழங்கி ஏழு நாள் கழியும்வரை அக்கடனாளிக்குக் கடன் கொடுத்தவர் இக்காப்புறுதியை விற்கலாகாது எனவும், ஒற்றைக் கட்டுப்பண முறை ஒழிக்கப்படல் வேண்டும் எனவும் விதித்தது. பார்க்ளேய்ஸ் வங்கி இதனை எதிர்த்து மேன்முறையீடு செய்தமையால் ஆணைக்குழு மறுபரிசீலனை செய்து, 2010 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் தன் நிலைப்பாட்டினை மீண்டும் உறுதிப்படுத்தியது.

ஏழு நாள் என்னும் இவ்விடைவெளி சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வரலாற்றின் உட்பொருள் அதனுள்ளேயே அடங்கியுள்ளது. பணத்தேவையோடு வந்த ஒருவர், விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தோடு அமர்ந்திருக்கும் வேளையில் அவரிடம் கோரப்படும் சம்மதமும், ஒரு வாரத்தின் பின் தன் வீட்டில் இருந்தவாறு அவர் தெரிவிக்கும் சம்மதமும் ஒரே தன்மையன அல்ல என்பதைச் சட்டம் இங்கு ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இனி வரப்போகும் விற்பனையைத் திருத்துவது ஒன்று. நடந்து முடிந்த விற்பனைக்குப் பரிகாரம் காண்பது மற்றொன்று. நிதிச் சேவைகள் அதிகாரசபை 2010 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பழைய முறைப்பாடுகளை வங்கிகள் எவ்வாறு விசாரித்து இழப்பீடு வழங்கல் வேண்டும் என்பதற்கான விதிகளை வெளியிட்டது. விரிவான விற்பனை விதிகளைப் பின்பற்றியிருந்தாலும், வாடிக்கையாளரை நியாயமாக நடத்துதல் வேண்டும் என்னும் பொதுத் தத்துவத்தை மீறியிருப்பின் வங்கி பொறுப்பாளியாகும் என்பது அதன் நிலைப்பாடு. இது பின்னோக்கிச் செல்லும் விதி எனப் பிரித்தானிய வங்கியாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் திகதி உயர் நீதிமன்றம் வங்கியாளரின் வாதத்தை நிராகரித்தது. மே மாதம் 5 ஆம் திகதி லொயிட்ஸ் வங்கி இழப்பீட்டுக்கென 3.2 பில்லியன் பவுணை ஒதுக்குவதாக அறிவித்தது. மே 9 ஆம் திகதி மேன்முறையீடு செய்வதில்லையெனச் சங்கமும் அறிவித்தது.

பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் பரகன் என்னும் நிறுவனம் தொடர்பான வழக்கில் வழங்கிய தீர்ப்பு இன்னும் ஆழமானது. அது கடனட்டை பற்றிய வழக்கன்று. 2006 ஆம் ஆண்டு பெறப்பட்ட 34,000 பவுண் கடன் பற்றியது. ஆயினும் அதிற் புலப்பட்ட கணக்கு இத்தொழிலின் உள்ளமைப்பினை வெளிக்கொணர்ந்தது. கடனாளி காப்புறுதிக்காகச் செலுத்திய கட்டுப்பணம் 5,780 பவுண். அதில் 1,870 பவுணைத் தரகு நிறுவனமும் 2,280 பவுணைப் பரகன் நிறுவனமும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய 1,630 பவுணே காப்புறுதி நிறுவனத்தைச் சென்றடைந்தது. அஃதாவது கட்டுப்பணத்தில் 71.8 வீதம் தரகாகும். இத்துணைப் பெரிய தரகினைக் கடனாளிக்குத் தெரிவியாது விட்டமையே இரு தரப்பினருக்குமிடையிலான உறவினை நியாயமற்றதாக்கியது என நீதிமன்றம் கூறியது. பொய்யுரைத்தாற்றான் அநியாயம் விளையும் என்பதில்லை. மறு தரப்பினரின் தீர்மானத்தை மாற்றவல்ல உண்மையொன்றை மறைத்தலும் அதற்குப் போதுமானது என்னும் கொள்கை இத்தீர்ப்பினால் நிலைபெற்றது.

இதன்பின் நிதி நடத்தை அதிகாரசபை 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29 ஆம் திகதியை முறைப்பாடுகளுக்கான இறுதி நாளாக விதித்தது. நடிகர் ஆர்னோல்ட் சுவாசுநேகரின் தலையுருவைக் கொண்ட விளம்பரங்கள் அந்நாளை நாடெங்கும் நினைவூட்டின. இதற்கிடையில், இழப்பீடு பெற்றுத் தருவதாகக் கூறி அதில் ஒரு பங்கினைக் கட்டணமாகப் பெறும் நிறுவனங்களும் தோன்றிப் பெருகின. அவற்றின் கட்டணம் இழப்பீட்டின் 20 வீதத்தை மேவலாகாது என 2018 ஆம் ஆண்டு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. தரகினால் விளைந்த கேட்டுக்குப் பரிகாரம் தேடிய இடத்திலும் தரகு தோன்றியமை சிந்தனைக்குரியது.

வாங்குவதா, விடுவதா?

இவ்வரலாற்றினைக் கற்பவர், இத்தகைய காப்புறுதி முழுவதும் வீணானது என முடிவு செய்வாராயின் அதுவும் பிழையாகும். 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைத் தொடர்ந்து வேலையிழந்தோருட் சிலரின் தவணைகளை இக்காப்புறுதி உண்மையாகவே செலுத்தியது. மருத்துவப் பரிசோதனையின்றிக் கிடைக்கும் காப்பு, வேறு காப்புறுதி கிடைக்காத ஒருவருக்குப் பெறுமதியுடையதாயிருக்கலாம். மொறிஸ் எதிர்கொண்ட பிரச்சினை இன்றும் மறைந்துவிடவில்லை. கடன்பட்டவர் நோயுறுவதும் வேலையிழப்பதும் இறப்பதும் தொடரவே செய்கின்றன.

ஆகவே தீர்மானம் எடுக்க வேண்டியவர் முன்னால் வரலாறு சில வினாக்களை வைக்கின்றது. ஒப்பந்தம் விலக்கியுள்ள பிரிவினருள் தாமும் ஒருவரா என்பது முதலாவது. நேரக்கூடிய துன்பத்தின்போது அது முழு நிலுவையையும் தீர்க்குமா, மாதாந்தக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துமா, எத்தனை மாதத்துக்குச் செலுத்தும் என்பது இரண்டாவது. குறைந்தபட்சத் தொகை மட்டும் செலுத்தப்படுமாயின், காப்புக் காலம் முடிந்தபின்னும் கடனிற் பெரும்பகுதி அவ்வாறே எஞ்சியிருக்கும். தமது தொழிலிற் கிடைக்கும் நோய்க்கால ஊதியம், சேமிப்பு, ஏற்கெனவேயுள்ள ஆயுட் காப்புறுதி ஆகியன அதே பணியைச் செய்யாவா என்பது மூன்றாவது. ஆண்டு முழுவதற்குமான செலவு எவ்வளவு, அதே காப்பினை வேறோர் இடத்திற் குறைந்த விலைக்குப் பெறலாமா என்பது நான்காவது. மாதந்தோறும் நிலுவையை முழுமையாகத் தீர்ப்பவருக்குக் காக்க வேண்டிய கடனே பெரிதும் இல்லை. பெருங்கடன் சுமப்பவருக்கோ அக்கட்டுப்பணமே மேலதிகச் சுமையாகின்றது. இவ்விரு சாராருக்கும் இடையில், உண்மையான பயனடையக்கூடியவர் சிலரே இருப்பர்.

இவ்வினாக்களுள் எதுவும் கடினமானதன்று. ஆயினும் இலட்சக்கணக்கானோர் அவற்றைக் கேட்கவில்லை. அவர்கள் அறிவற்றவர் என்பது இதன் காரணமன்று. கேட்பதற்கான அவகாசமும், விடை காண்பதற்கான தகவலும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. வினாவை எழுப்ப வேண்டிய இடத்தில் அமர்ந்திருந்தவர் தரகு பெறுபவராயிருந்தார். பிரித்தானியச் சட்டம் இறுதியில் கண்ட பரிகாரங்களும் இவ்விரண்டு குறைகளையே நோக்கியவை. ஏழு நாள் இடைவெளி அவகாசத்தை வழங்கியது. தரகு பற்றிய தீர்ப்புத் தகவலை வலியுறுத்தியது.

முடிவாக, 1917 ஆம் ஆண்டின் காப்புறுதிக்கும் 2005 ஆம் ஆண்டின் காப்புறுதிக்கும் இடையில் ஒப்பந்தத்தின் கருத்து பெரிதும் மாறவில்லை. அதிலிருந்து வருவாய் பெறுபவர் யார் என்பதே மாறியது. தனிமனிதனின் சம்மதத்தை ஆதாரமாகக் கொண்டு எழுப்பப்படும் பொருளியல் உறவுகளை ஆராய்வோர், அவன் சம்மதித்தானா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. என்ன தெரிந்து, எந்த வேளையில், யார் முன்னிலையிற் சம்மதித்தான் என்பதையும் வினவுதல் வேண்டும். சிறு கட்டத்தில் இடப்பட்ட அடையாளமொன்றின் பின்னால் இத்துணை நீண்ட வரலாறு இருக்குமாயின், நாம் கையொப்பமிடும் ஏனைய படிவங்களையும் அவ்வாறே நோக்கக் கற்றல் நமது கடமையாகின்றது.